குற்றம் நடப்பதற்கு முன்பே துப்பாக்கியை வாங்கி வைக்கலாமா: அமெரிக்காவின் ரெட் ஃபிளாக் சட்டங்களும் சட்டமன்றச் சண்டைகளும்

குற்றம் எதுவும் செய்யாத ஒருவரிடமிருந்து, அவர் ஆபத்தானவர் என்று வேறொருவர் சொன்னதை வைத்துக்கொண்டு துப்பாக்கியைப் பறிக்கும் சட்டம் அமெரிக்காவில் இருப்பது உண்மையா, உண்மையென்றால் அது எப்படிச் செல்லும், அதை வைத்து மாநிலச் சட்டமன்றங்களில் ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் இருப்பது உண்மை. ‘ரெட் ஃபிளாக் சட்டம்’ என்று பேச்சு வழக்கிலும், அதீத அபாயப் பாதுகாப்பு ஆணை என்று சட்ட வாசகத்திலும் வழங்கும் இந்த ஏற்பாடு இன்று 22 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் ஏற்கப்பட்டிருக்கிறது. சண்டை ஏன் என்பதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது துப்பாக்கி வேண்டும் என்பவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் இடையிலான பழைய வழக்கின் இன்னொரு சுற்றாகத் தெரியும். சட்டமன்றக் குழுக்களில் நடந்த வாதங்களைப் படித்தால், அங்கே உண்மையில் அடிபட்டது வேறு விஷயம். ஆபத்தானவரிடம் துப்பாக்கி இருக்கக்கூடாது என்பதில் இரு தரப்பிலும் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. அவர் ஆபத்தானவர் என்று யார் சொல்லலாம், எவ்வளவு சாட்சியம் வேண்டும், அவர் தரப்பை நீதிபதி எப்போது கேட்பார் என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

முதலில் சட்டம் இயங்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டென்றாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். ஒருவர் தன்னையோ பிறரையோ சுட்டுவிடுவார் என்ற அச்சம் இருக்கும்போது, காவல்துறையோ, பல மாநிலங்களில் குடும்பத்தினரோ, உறுதிமொழியோடு சிவில் நீதிமன்றத்தில் மனு செய்கிறார்கள். நிலைமை அவசரமானது என்று நீதிபதி கருதினால், எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே அன்றோ மறுநாளோ இடைக்கால உத்தரவு பிறப்பிக்கலாம். அந்த உத்தரவோடு காவலர்கள் வீட்டுக்குச் சென்று துப்பாக்கிகளைப் பெற்றுக்கொள்வார்கள். அதன்பின் பெரும்பாலும் 14 நாட்களுக்குள் முழு விசாரணை நடக்க வேண்டும். அதில் சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து தன் பக்கத்தைச் சொல்லலாம், சாட்சிகளை நிறுத்தலாம், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம். அபாயம் நிரூபணமானால் வழக்கமாக ஓராண்டு வரை உத்தரவு நீடிக்கும். அக்காலத்தில் அவர் புதிதாகத் துப்பாக்கி வாங்கவும் முடியாது. இது குற்ற வழக்கு அன்று; கைதும் இல்லை, தண்டனைப் பதிவும் இல்லை. உத்தரவை மீறினால்தான் குற்றம்.

இந்தியாவில் வளர்ந்த ஒருவருக்கு இதில் இவ்வளவு பரபரப்பு எதற்கு என்று தோன்றுவது இயல்பு. இங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவர் மட்டுமே துப்பாக்கி வைத்திருக்கலாம். பொதுமக்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி உரிமம் கொடுத்த அதிகாரியே அதை நிறுத்தி வைக்கலாம். தேர்தல் வந்தால் உரிமதாரர்கள் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார்கள். அமெரிக்காவில் வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது அரசமைப்பின் இரண்டாவது திருத்தம் தரும் தனிமனித உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எனவே அங்கே துப்பாக்கியை எடுப்பது, உரிமத்தை ரத்து செய்வது போன்ற நிர்வாக நடவடிக்கையாகாது. பேச்சுரிமையையோ வீட்டுக்குள் காவலர் நுழையாதிருக்கும் உரிமையையோ கட்டுப்படுத்துவதற்கு ஒப்பானது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் அந்த விவாதத்தைப் படித்தால் ஒரு தரப்பின் கோபம் முழுவதும் வெறும் பிடிவாதமாகத் தோன்றிவிடும்.

இந்த வகைச் சட்டங்களில் பலவும் ஏதோ ஒரு சாவுக்குப் பிறகு பிறந்தவை. 1998 மார்ச்சில் கனெக்டிகட் மாநில லாட்டரி அலுவலகத்தில் அங்கே பணிபுரிந்த கணக்கர் ஒருவர் நால்வரைச் சுட்டுக்கொன்றார்; மறு ஆண்டே நாட்டின் முதல் சட்டம் அங்கே வந்தது. இந்தியானா மாநிலத்தின் கதை இன்னும் நேரடியானது. 2004இல் மனநெருக்கடியில் இருந்த ஒருவரின் துப்பாக்கிகளை இந்தியானாபொலிஸ் காவல்துறை எடுத்து வைத்திருந்தது. அவற்றைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லாததால் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அந்த ஆள் ஜேக் லேர்ட் என்ற காவலரைச் சுட்டுக்கொன்றார். 2005இல் வந்த சட்டத்துக்கு லேர்டின் பெயரே வழங்குகிறது. துப்பாக்கி உரிமையில் உறுதியான ஒரு மாநிலத்தில் அந்தச் சட்டம் நிறைவேறியதற்குக் காரணம், அதைக் கேட்டவர்கள் காவலர்களாக இருந்ததுதான் என்பது என் எண்ணம்.

கலிஃபோர்னியாவில் 2014 மே மாதம் ஐலா விஸ்டாவில் ஓர் இளைஞன் ஆறு பேரைக் கொன்றான். அதற்குச் சில வாரங்கள் முன்னதாக, அவனது நிலை கண்டு பயந்த குடும்பத்தினரின் எச்சரிக்கையின் பேரில் ஷெரிஃப் (மாவட்டக் காவல் தலைவர்) அலுவலகக் காவலர்கள் அவன் குடியிருப்புக்குச் சென்றிருந்தார்கள். வாசலில் நின்று பேசினார்கள். அவன் பணிவாகப் பதில் சொன்னான். பிரச்சினை ஒன்றும் இல்லை என்று திரும்பிவிட்டார்கள். துப்பாக்கிகள் உள்ளே அவன் அறையில் இருந்தன. அவர்கள் அறையைச் சோதித்திருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும் என்று அவனே பின்னர் எழுதி வைத்தான். பெற்றோர் சொன்னதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக ஒரு வழி இருந்திருந்தால் என்ற கேள்வியிலிருந்துதான், குடும்பத்தினரே மனு செய்யலாம் என்ற கலிஃபோர்னியச் சட்டம் அதே ஆண்டு பிறந்தது.

2018வரை ஐந்தே மாநிலங்கள்தான். ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று 17 பேர் கொல்லப்பட்டதும் நிலைமை மாறியது. குடியரசுக் கட்சி சட்டமன்றத்தின் இரு அவைகளையும் ஆளுநர் பதவியையும் வைத்திருந்த அந்த மாநிலத்தில், மூன்றே வாரங்களில் சட்டம் நிறைவேறி, மார்ச் 9 அன்று ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்டார். மாநில மேலவையான செனட்டில் 20க்கு 18 என்ற நூலிழை வித்தியாசம். அங்கே குடும்பத்தினர் நேரடியாக மனு செய்ய முடியாது. காவல்துறை மட்டுமே செய்யலாம். அந்தக் கட்டுப்பாடு இல்லாதிருந்தால் சட்டம் அந்த அவையைத் தாண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

சட்டமன்ற விவாதம் என்ற முறையில் ஒரே ஒரு மாநிலத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டுமென்றால் கொலராடோவைத்தான் சொல்வேன். 2017 டிசம்பர் 31 அன்று டென்வருக்குத் தெற்கே டக்ளஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு), மனநெருக்கடியில் இருந்த ஒருவரின் குடியிருப்புக்குச் சென்ற ஸக்காரி பாரிஷ் என்ற ஷெரிஃப் அலுவலகக் காவலர் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தக் கவுண்டியின் அப்போதைய ஷெரிஃப் டோனி ஸ்பர்லாக் குடியரசுக் கட்சிக்காரர். அவரே முன்நின்று இந்தச் சட்டத்தைக் கேட்டார். 2018இல் வந்த முதல் மசோதாவை முன்மொழிந்தவர்களில் ஒருவரான கோல் விஸ்டும் குடியரசுக் கட்சியின் பிரதிநிதிதான். அவையில் அக்கட்சியின் துணைத் தலைவர் பொறுப்பில் இருந்தவர். சொந்தக் கட்சியிலேயே அவரை அப்பொறுப்பிலிருந்து இறக்க முயற்சி நடந்தது. மசோதா பிரதிநிதிகள் அவையில் நிறைவேறி, குடியரசுக் கட்சியின் கையில் இருந்த செனட்டின் குழுவில் செத்தது. அந்த நவம்பர் தேர்தலில் விஸ்ட் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் டாம் சல்லிவன் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர். 2012இல் அரோரா திரையரங்கில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மகனைப் பறிகொடுத்த தந்தை.

அதே சல்லிவன் 2019இல் மசோதாவை மீண்டும் கொண்டுவந்தார். இப்போது இரு அவைகளிலும் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது. மறைந்த காவலர் பாரிஷின் பெயர் மசோதாவுக்குச் சூட்டப்பட்டது. ஆயினும் முந்தைய ஆண்டின் ஆதரவாளர்கள் எல்லோரும் உடன் வரவில்லை. டக்ளஸ் கவுண்டியை உள்ளடக்கிய பகுதியின் அரசுத் தரப்புத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் பிராக்லர் 2018இல் ஆதரித்தவர், 2019இல் எதிர்த்தார். ஏன் என்பதைப் பார்த்தால்தான் விவாதத்தின் உயிர்நாடி பிடிபடும்.

புதிய மசோதாவில், துப்பாக்கியை இழந்தவர் உத்தரவுக் காலம் முடியும் முன் அதை நீக்கக் கோரினால், தான் இனி ஆபத்தானவர் அல்லர் என்பதைத் தெளிவான, நம்பத்தகுந்த சாட்சியத்தால் அவரே நிரூபிக்க வேண்டும். பறிக்கும்போது சுமை மனுதாரர் மீது. திரும்பக் கேட்கும்போது சுமை உரிமையை இழந்தவர் மீது. ஒருவர் தான் ஆபத்தானவர் அல்லர் என்பதை எப்படி நிரூபிப்பார் என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். நடக்காத ஒன்று இனியும் நடக்காது என்பதற்குச் சாட்சி யார்? இந்தக் கேள்விக்கு ஆதரவாளர்கள் தந்த பதில் எனக்கு இன்றுவரை நிறைவளிக்கவில்லை. உத்தரவுக் காலம் 364 நாட்கள்தான், நீட்டிக்க வேண்டுமென்றால் மனுதாரர்தான் மறுபடி நிரூபிக்க வேண்டும் என்றார்கள். அது உண்மைதான், ஆனால் கேட்ட கேள்வி அதுவன்று.

இன்னொரு பக்கம், அதே மசோதா மற்ற மாநிலங்களில் காணக் கிடைக்காத ஒன்றைத் தந்தது: எதிர்மனுதாரருக்கு அரசு செலவில் வழக்கறிஞர். சிவில் வழக்கில் இலவச வழக்கறிஞர் என்பது அமெரிக்காவில் அபூர்வம். கையில் காசில்லாத ஒருவர் 14 நாட்களுக்குள் மருத்துவச் சான்றும் சாட்சிகளும் திரட்டி, தானே நின்று வாதாட வேண்டும் என்றால் விசாரணை உரிமை என்பது ஏட்டுச் சுரைக்காய்தான். இடைக்கால உத்தரவுக்கு ‘இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்’ என்ற அளவுக்குச் சாட்சியம் போதும் என்றும், முழு உத்தரவுக்குத் தெளிவான, நம்பத்தகுந்த சாட்சியம் வேண்டும் என்றும் மசோதா இரண்டு படிகளை வைத்தது. ஐயத்திற்கிடமற்ற நிரூபணம் என்ற குற்ற வழக்கின் அளவுகோல் எங்கும் இல்லை. முதல் படியில் மனுதாரர் தொலைபேசியிலேயே நீதிபதியிடம் பேசலாம் என்ற வசதியை எதிர்ப்பாளர்கள் கடுமையாகத் தாக்கினார்கள்.

செனட்டில் மசோதா 18க்கு 17 என்ற கணக்கில் தப்பியது. எதிர்த்து வாக்களித்த 17 பேரில் ஒருவர் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த செனட் தலைவர் லெராய் கார்சியா. அவர் பியூப்லோ தொகுதிக்காரர். ஏப்ரல் 12 அன்று ஆளுநர் ஜாரெட் போலிஸ் கையெழுத்திட்டார். சல்லிவனைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க ஓர் இயக்கம் தொடங்கி, பாதியில் கைவிடப்பட்டது. மாநிலத்தின் 64 கவுண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை தங்களை இரண்டாவது திருத்தத்தின் புகலிடம், அதாவது துப்பாக்கி உரிமையைக் காக்கும் இடம், என்று அறிவித்துத் தீர்மானம் போட்டன. வெல்ட் கவுண்டி ஷெரிஃப் ஸ்டீவ் ரீம்ஸ், இந்த உத்தரவை நிறைவேற்றுவதைவிடத் தன் சொந்தச் சிறையில் தானே அடைபடத் தயார் என்றார். நிறைவேற்ற மனமில்லாத ஷெரிஃப் பதவி விலகட்டும் என்றார் மாநில அட்டர்னி ஜெனரல் ஃபில் வைசர். ஷெரிஃப் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மாநிலத் தலைநகர் அவரை எளிதில் மாற்றிவிட முடியாது.

பொய் மனு பற்றிய அச்சம் கற்பனையன்று என்பதும் உடனே தெரிந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த 2020 ஜனவரியிலேயே, தன் மகனைச் சுட்டுக்கொன்ற பல்கலைக்கழகக் காவலர் ஒருவர் மீது ஒரு தாய் மனு போட்டார். காவல்துறையைத் தவிரக் குடும்ப உறுப்பினர் மட்டுமே மனு செய்யலாம் என்பதால், தனக்கும் அந்தக் காவலருக்கும் ஒரு குழந்தை உண்டு என்று படிவத்தில் எழுதினார். நீதிபதி மனுவைத் தள்ளினார். பொய்யுறுதிமொழிக்காக அந்தப் பெண் மீது வழக்கு வந்தது. இரு தரப்பும் இந்த நிகழ்வை மேற்கோள் காட்டின: சட்டம் துஷ்பிரயோகம் ஆகும் என்பதற்கு ஒருவர், துஷ்பிரயோகத்தை நீதிமன்றம் வாசலிலேயே பிடித்துவிட்டது என்பதற்கு மற்றவர். நான் இரண்டாவது வாசிப்பின் பக்கம் சாய்கிறேன். ஆனாலும் கோபத்தில் இருக்கும் முன்னாள் வாழ்க்கைத்துணைக்கு இது ஒரு கருவியாகலாம் என்ற பயத்தை அந்த ஒரு தள்ளுபடி தீர்த்துவிடாது.

உரிமைக் கவலை துப்பாக்கிச் சங்கங்களுக்கு மட்டுமே உரியது என்று நினைக்க வேண்டாம். ரோட் ஐலண்டில் 2018இல் மசோதா வந்தபோது, அமெரிக்கச் சிவில் உரிமைகள் சங்கத்தின் மாநிலக் கிளை விரிவான எதிர்ப்பறிக்கை வெளியிட்டது. குற்றம் சாட்டப்படாத ஒருவர் இனி என்ன செய்வார் என்று நீதிபதியை ஊகிக்கச் சொல்வது வேறு உரிமைகளுக்கும் பரவக்கூடிய முன்னுதாரணம் என்பது அதன் சாரம். மனநோயாளிகள் எல்லோரும் வன்முறையாளர்கள் என்ற எண்ணத்தை இது வளர்க்கும் என்று மனநல அமைப்புகளிலும் பேச்சு உண்டு. அதனால்தான் பல மாநிலங்களின் வாசகம் நோயின் பெயரைத் தேடுவதில்லை. அண்மைய மிரட்டல், வன்முறை, குடி, விலங்குகளைத் துன்புறுத்தல், புதிதாக ஆயுதம் வாங்கியது போன்ற நடத்தைகளையே பார்க்கச் சொல்கிறது.

உத்தரவை நிறைவேற்றுவதிலும் அபாயம் உண்டு. மேரிலாந்தில் சட்டம் 2018 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 5 அன்று அதிகாலை ஐந்தே காலுக்கு இரண்டு காவலர்கள் ஆன் அரண்டல் கவுண்டியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அறுபதைக் கடந்த ஒருவர் கையில் துப்பாக்கியோடு கதவைத் திறந்தார், கீழே வைத்தார், உத்தரவைப் பற்றிச் சொன்னதும் கோபம் கொண்டு மறுபடி எடுத்தார். ஒரு காவலர் அதைப் பிடுங்க முயன்றபோது குண்டு வெடித்தது. மற்றவர் சுட்டதில் அவர் இறந்தார். விடியாத நேரத்தில், ஏற்கனவே கொந்தளித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் வாசலில், அவரைக் கேட்காமலே பிறப்பித்த உத்தரவோடு நிற்பது எப்படி முடியும் என்பதை எந்த மசோதாவின் வாசகமும் முழுமையாக முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

இவ்வளவுக்கும் பலன் உண்டா என்பது அடுத்தது. தொலைக்காட்சியில் பேசப்படுவது கூட்டக் கொலைகள் பற்றி. ஆய்வுகளில் தெரிவது தற்கொலை. அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள், அதாவது பாதிக்கு மேல். மாத்திரை விழுங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் பிழைப்பதில்லை. அந்த வேகம் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தணிந்துவிடக்கூடியது என்பதால், தற்காலிகமாக எடுத்து வைப்பதற்கு மருத்துவ ரீதியான அர்த்தம் உண்டு.

டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் குழுவினர் கனெக்டிகட்டில் 1999 முதல் 2013 வரை நடந்த 762 பறிமுதல்களை ஆராய்ந்தார்கள். ஒருவரிடமிருந்து சராசரியாக ஏழு துப்பாக்கிகள் எடுக்கப்பட்டிருந்தன. பத்து முதல் இருபது பறிமுதல்களுக்கு ஒரு தற்கொலை தவிர்க்கப்பட்டிருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. 2018இல் வெளியான இன்னொரு ஆய்வு, சட்டம் வந்தபின் பத்தாண்டுகளில் இந்தியானாவில் துப்பாக்கித் தற்கொலை எதிர்பார்த்ததைவிட 7.5 சதவீதம் குறைந்ததாகக் கணித்தது. ஆனால் அதே ஆய்வு, கனெக்டிகட்டில் அந்தக் குறைவை மற்ற வழித் தற்கொலைகளின் கூடுதல் ஈடுகட்டிவிட்டதையும் பதிவு செய்தது. ஆதரவாளர்கள் முதல் பாதியையும் எதிர்ப்பாளர்கள் இரண்டாம் பாதியையும் மட்டும் படிப்பது வழக்கமாகிவிட்டது. கூட்டக் கொலைகளைக் குறைத்ததா என்று கேட்டால், அவை எண்ணிக்கையில் குறைவானவை என்பதால் புள்ளியியல் வலுவோடு யாரும் பதில் சொல்லிவிட முடியாது. இருபது பேரின் துப்பாக்கியை எடுத்து ஓர் உயிரைக் காப்பது நியாயமா என்ற கேள்வியை எண்கள் தீர்க்காது. அது அந்தப் பத்தொன்பது பேர் இழந்ததை எவ்வளவு பெரிதாக மதிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உத்தரவு தற்காலிகமானது, பொருள் திரும்பக் கிடைக்கும், குற்றப் பதிவு இல்லை என்பதால் என் தராசு காப்பாற்றப்பட்ட உயிரின் பக்கம் தாழ்கிறது.

எனக்குப் பெரிதாகப் படுவது, சட்டம் இருந்தும் பயன்படுத்தப்படாத வழக்குகள். 2021 ஏப்ரலில் இந்தியானாபொலிஸ் ஃபெடெக்ஸ் கிடங்கில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் நால்வர் சீக்கியர்கள். கொன்றவனின் தாயே ஓராண்டு முன்பு காவல்துறையை எச்சரித்திருந்தார். அவனிடமிருந்த ஒரு துப்பாக்கியைக் காவலர்கள் எடுத்தும் சென்றார்கள். ஆனால் அரசு வழக்கறிஞர் ஜேக் லேர்ட் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. சட்டம் தந்த கால அவகாசத்தில் போதிய சாட்சியம் திரட்ட முடியாமல் வழக்கில் தோற்றால் துப்பாக்கியைத் திருப்பித் தர வேண்டியிருக்கும், குடும்பம் அதைத் திரும்பக் கேட்கப்போவதில்லை என்பதால் அப்படியே விடுவது மேல் என்பது அவர் தந்த விளக்கம். நீதிமன்ற உத்தரவு இல்லாததால் வாங்கத் தடையும் இல்லை. அவன் அந்த 2020ஆம் ஆண்டிலேயே சட்டப்படி கடைக்குச் சென்று இரண்டு ரைஃபிள்கள் வாங்கினான். பழைய துப்பாக்கியை எடுப்பதைவிடப் புதியதை வாங்கவிடாமல் தடுப்பதே இந்த உத்தரவின் முக்கியப் பயன் என்பதற்கு இதைவிடக் கசப்பான விளக்கம் வேண்டியதில்லை.

கொலராடோவில் 2022 நவம்பரில் ஐவர் கொல்லப்பட்ட கிளப் கியூ என்ற இரவுக் கேளிக்கை விடுதி எல் பாசோ கவுண்டியில் உள்ளது. சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்ட கவுண்டிகளில் அதுவும் ஒன்று. தாக்கியவர் 2021 ஜூனில் வெடிகுண்டு மிரட்டலுக்காகக் கைதானவர். குடும்பச் சாட்சிகள் வராததால் அந்த வழக்கு தள்ளுபடியானது. ஷெரிஃப் அலுவலகம் ரெட் ஃபிளாக் மனு செய்யவில்லை. ஷெரிஃபின் பிடிவாதமே ஐந்து உயிர்களைக் கொன்றது என்று பலர் எழுதினார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அப்போதே உத்தரவு வாங்கியிருந்தாலும் 364 நாட்கள் 2022 கோடையிலேயே முடிந்திருக்கும். யாராவது நீட்டிக்கக் கேட்டிருந்தால்தான் நவம்பரில் அது உயிரோடு இருந்திருக்கும். 2023இல் கொலராடோ சட்டமன்றம் ஆசிரியர்கள், மருத்துவர்கள், அரசு வழக்கறிஞர்களும் மனு செய்யலாம் என்று பட்டியலை நீட்டியது. ஷெரிஃபைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி திறந்தார்கள் என்றே அதைப் படிக்க வேண்டும். நியூயார்க்கின் பஃபலோவில் 2022 மே மாதம் பத்துப் பேரைக் கொன்றவனும் முந்தைய ஆண்டு பள்ளியில் மிரட்டியதற்காக மனநலப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லப்பட்டவன்தான். அங்கும் சட்டம் இருந்தது, மனு இல்லை.

மத்திய அளவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பார்க்லண்டுக்குப் பின் வெள்ளை மாளிகைக் கூட்டம் ஒன்றில் அதிபர் டிரம்ப், முதலில் துப்பாக்கியை எடுங்கள், சட்ட நடைமுறையைப் பிறகு பார்ப்போம் என்ற பொருளில் பேசியது அவருடைய கட்சிக்காரர்களையே திகைக்க வைத்தது. 2022 ஜூனில் பிரதிநிதிகள் அவை நாடு முழுவதற்குமான மசோதாவை 224க்கு 202 என்று நிறைவேற்றியது. செனட் அதைத் தொடவில்லை. பதிலாக அந்த மாதமே இரு கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம், இத்தகைய திட்டங்கள் உள்ளிட்ட நெருக்கடித் தலையீடுகளுக்காக மாநிலங்களுக்கு 75 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தப் பணம் ரெட் ஃபிளாக் திட்டத்துக்கு வேண்டுமென்றால் நேரடி விசாரணை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை, உயர்ந்த சாட்சிய அளவுகோல், பொய் மனுவுக்குத் தண்டனை ஆகியவை மாநிலச் சட்டத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. எதிர்ப்பாளர்களின் குரல் சட்ட வாசகத்துக்குள் ஏறிய இடம் இது.

நீதிமன்றங்களில் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. 2021இல் கனிக்லியா வழக்கில், நல்லெண்ணத்தோடு என்றாலும் வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்து துப்பாக்கியை எடுக்கக் காவலருக்குப் பொதுவான அதிகாரம் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 2022இல் புரூன் வழக்கில், துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்ற புதிய அளவுகோலை வைத்தது. ரெட் ஃபிளாக் சட்டங்கள் சரிந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2024 ஜூனில் வந்த ரஹிமி தீர்ப்பு அந்த எதிர்பார்ப்பைத் தணித்தது. பிறரின் உடலுக்கு நம்பத்தகுந்த அச்சுறுத்தல் என்று நீதிமன்றம் கண்டறிந்த ஒருவரைத் தற்காலிகமாக நிராயுதபாணி ஆக்கலாம் என்று 8க்கு 1 என்ற கணக்கில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். மாறுபட்டவர் நீதிபதி தாமஸ் ஒருவரே. ஆனால் அது குடும்ப வன்முறைத் தடையாணை பற்றிய வழக்கு. அதற்கான சட்டம் அறிவிப்பையும் விசாரணை வாய்ப்பையும் முன்நிபந்தனையாக வைக்கிறது. எதிர்த்தரப்பைக் கேளாமல் தரும் முதல் 14 நாள் உத்தரவும், பிறருக்கு அன்றித் தனக்கே ஆபத்தானவர் மீதான உத்தரவும் அந்தத் தீர்ப்பின் நேரடி நிழலுக்குள் வரவில்லை. தற்கொலைத் தடுப்பே இச்சட்டத்தின் வலுவான நியாயம் என்னும்போது, இது சின்ன இடைவெளி அன்று.

மாநிலங்கள் இப்போது எதிரெதிர்த் திசைகளில் நடக்கின்றன. ஓக்லஹோமா 2020இலேயே தன் ஊராட்சிகளும் நகராட்சிகளும் இப்படி ஒரு விதியைக் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்டது. டென்னசியில் 2023 மார்ச்சில் நாஷ்வில் பள்ளியொன்றில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, குடியரசுக் கட்சி ஆளுநர் பில் லீ ஏறத்தாழ இதே போன்ற ஒன்றைக் கேட்டார், ரெட் ஃபிளாக் என்ற பெயரை மட்டும் கவனமாகத் தவிர்த்தார். அவருடைய கட்சியின் சட்டமன்றமே சிறப்புக் கூட்டத்தொடரில் அதைத் தொடாமல் கலைந்து, மறு ஆண்டு உள்ளாட்சிகள் அப்படிச் சட்டமியற்றுவதைத் தடை செய்தது. டெக்சஸ் 2025இல் அந்த வரிசையில் சேர்ந்தது.

மெய்ன் மாநிலம் நடுவழியைத் தேடியது. 2019இல் துப்பாக்கி உரிமை அமைப்பினரும் சேர்ந்து எழுதிய ‘மஞ்சள் கொடி’ச் சட்டப்படி, காவல்துறை முதலில் அந்த ஆளைப் பாதுகாப்புக் காவலில் எடுக்க வேண்டும், பிறகு மருத்துவ மதிப்பீடு, அதன்பிறகே நீதிபதி. குடும்பத்தினர் நேரே நீதிமன்றம் போக முடியாது. 2023 அக்டோபர் 25 அன்று லூயிஸ்டனில் ராணுவ ரிசர்வ் படையைச் சேர்ந்த ஒருவர் 18 பேரைக் கொன்றார். குடும்பத்தினர் மே மாதமே ஷெரிஃப் அலுவலகத்திடம் சொல்லியிருந்தார்கள். சக வீரர்கள் செப்டம்பரில் எச்சரித்தார்கள். அவரைக் காவலில் எடுக்கப் போதிய காரணம் இருந்தது, ஷெரிஃப் அலுவலகம் எடுக்கவில்லை என்று ஆளுநர் நியமித்த விசாரணை ஆணையம் கண்டது. இருந்த சட்டமே போதும், பயன்படுத்தாததுதான் தவறு என்று ஆளுநர் ஜேனட் மில்ஸ் வாதிட்டார். கதவைத் தட்டிப் பேசி, ஆளை முதலில் காவலில் எடுக்க வேண்டும் என்ற படியே தடையாக இருந்தது என்றார்கள் மறுதரப்பினர். 2025 நவம்பரில் கேள்வி மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. வேட்டை மரபு வேரூன்றிய அந்த மாநிலத்தில், குடும்பத்தினர் நேரடியாக மனு செய்யும் சட்டத்துக்கு ஆதரவாகத் தெளிவான பெரும்பான்மை வாக்களித்தது. மஞ்சள் கொடிச் சட்டம் நீக்கப்படவில்லை. மருத்துவர் வழியாகப் போகும் பாதையும் நேரே நீதிபதியிடம் போகும் பாதையும் இனி அங்கே அருகருகே இருக்கும். பயமுற்ற ஒரு குடும்பம் எதை எடுக்கும், ஷெரிஃப் எதை எடுக்கச் சொல்வார் என்பதை அங்கேதான் முதன்முறையாக ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.